செய்தித்தாளில் வந்த என் முழங்கை

மார்ச் 3, செவ்வாய்

நான்தான் முதலில் சொன்னேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் "எங்களுக்கும் தெரியும்" என்று வந்து நிற்கக் கூடாது.

இன்று மதியச் செய்தியில் வாசித்தார்கள். நாடு முழுக்கக் கார் விற்பனை படுத்துவிட்டதாம், எங்கள் கம்பெனி அரசாங்கத்திடம் கை நீட்டியிருக்கிறதாம். கேன்டீனில் எல்லோரும் தட்டைத் தள்ளிவிட்டு வாயைப் பிளந்தார்கள். நான் மட்டும் சாப்பாட்டை முடித்தேன். எட்டு மாதத்துக்கு முன்னாலேயே சொன்னவனுக்கு என்ன அதிர்ச்சி? கை கழுவுகிற இடத்தில் முழு சோப்பை எடுத்துவிட்டுப் பாதியாக வெட்டிய சோப்பை வைத்தார்களே, அன்றைக்கே சொன்னேன்: "கார் செய்யுற கம்பெனி சோப்பை வெட்டுதுன்னா கதை முடிஞ்சுதுடா." சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

அப்புறம் ஆலைக்குப் பின்னால் இருக்கிற மைதானம். விற்காத கார்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, சக்கரம் பாதி புல்லுக்குள். பக்கக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக் கொத்திக் கொத்தி ஒரு குருவிக்கு அலகே மழுங்கிவிட்டது. சத்தியமாக. சரி, கொஞ்சம் மழுங்கியிருந்தது.

நான் யார் என்பதையும் எழுதிவிடுகிறேன், வரலாற்றுக்கு உதவும். கதவுப் பிரிவு, இருபத்தாறு வருடம். எட்டாம் வகுப்புப் படிப்பு. அதில் ஏழாம் வகுப்பை இரண்டு தடவை படித்ததால் ஒன்பது என்றே சொல்லலாம். கார்க் கதவைச் சாத்தினால் வருகிற சத்தத்தை வைத்தே கீலில் எந்தத் திருகு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கண்ணைக் கட்டிவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். பத்துக்குப் பத்து.

இந்த நாட்குறிப்பு கம்பெனி இனாமாகக் கொடுத்தது. இந்த வருடம் கொடுக்கவில்லை. இது போன வருடத்தது. கிழமைகளை நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். இதுவும் ஓர் அறிகுறிதான், டிசம்பரிலேயே சொன்னேன்.

மார்ச் 5, வியாழன்

அக்கா மகள் வந்தாள், கையில் ஒரு கடிதத்தோடு. அவள் புருஷனும், அதாவது எங்கள் மாப்பிள்ளையும், இதே ஆலைதான். பெயின்ட் பிரிவு, ஏழு வருடம். நான் சொல்லித்தான் சேர்த்தார்கள். (மேலாளரே வீடு தேடி வந்து என்னிடம் ஆள் கேட்டார் என்று வெளியில் சொல்லியிருக்கிறேன். அது இருக்கட்டும்.)

கடிதம் ஒரு பஸ் கூடு கட்டும் கம்பெனியிலிருந்து. ரயிலில் எட்டு மணி நேரம் தள்ளி ஓர் ஊர். நிரந்தர வேலை. மார்ச் இருபதுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

"மாமா, அந்த ஊர்ல நமக்குன்னு ஒரு ஆள் கிடையாது. பாப்பாவை இப்பத்தான் பள்ளிக்கூடத்துல போட்டிருக்கோம். ஆனா இங்க வேலை போயிடுச்சுன்னா? நீங்க உள்ள இருக்கறவரு. போகலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க."

"அவசரப்படாத. அரசாங்கத்துல இருந்து ஆள் வர்றாங்க. நான் பேசிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

பேசிப் பார்க்கிறேன் என்று ஏன் சொன்னேன்? என் வாய் அதுபாட்டுக்குப் போகிறது. நான் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

எங்கள் லைன் சூப்பர்வைசருக்கு முன் பல் இரண்டுக்கு நடுவில் சந்து. பேசினால் காற்று கூவும். அதனால் விசில். இன்று விசில் எங்களை ஓரமாகக் கூட்டிவைத்து ரகசியம் சொன்னார். வியாழக்கிழமை நிதி அமைச்சகத்து அதிகாரி வருகிறார். கம்பெனியைக் கைகொடுத்துத் தூக்கிவிடலாமா வேண்டாமா என்று அவர் எழுதுகிற அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு. ஆலையில் ஆர்டரே இல்லை, லைன் காலி. செத்த லைனைக் காட்டினால் யார் காப்பாற்றுவார்கள்?

அதனால் மைதானத்திலிருந்து நாற்பத்தொரு காரை உள்ளே கொண்டு வந்து, கழுவி, கதவுகளைக் கழற்றி, லைனில் விட வேண்டும். நாங்கள் மாட்ட வேண்டும். அந்தப் பக்கம் போனதும் பின்வாசலில் கழற்றி மறுபடி இந்தப் பக்கம் அனுப்புவார்கள். அதிகாரி எங்கே நின்று பார்த்தாலும் வேலை ஓடிக்கொண்டேயிருக்கும்.

யோசனை என்னுடையது. விசில் அதை எனக்கு இரண்டு விநாடி முன்னால் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

மார்ச் 11, புதன்

ஒத்திகை. ஒரே வெள்ளைக் காரை ஐந்து தடவை பார்த்தேன். பின்பக்கம் ஒரு கீறல், அதை வைத்துக் கண்டுபிடித்தேன். ஐந்தாவது தடவை "என்னம்மா, மறுபடியும் வந்துட்டியா" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவன் ஸ்பானரைக் கீழே போட்டுச் சிரித்தான்.

ஆனால் கழற்றிக் கழற்றி மாட்டியதில் அந்தக் காரின் முன் கதவின் மேல் கீலில் மரை தேய்ந்துவிட்டது. திருகு வழுக்குகிறது. விசிலிடம் சொன்னேன்.

"நாளைக்கு ஒரு நாள் தாங்கினா போதும்ணே. அவர் என்ன, கதவைத் திறந்து பார்க்கவா போறாரு?"

மார்ச் 12, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வந்தார். கோட்டு, கண்ணாடி, பின்னால் பத்துப் பேர், ஒரு போட்டோக்காரர். நேராக என்னிடம்தான் வந்து நின்றார். எத்தனை பேர் இருந்தார்கள், ஏன் என்னிடம்? முகராசிதான். நான் வெள்ளைக் காரின் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சாத்திக் காட்டினேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். "இது என்ன, சங்கீதம் மாதிரி இருக்கே" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "உங்களை மாதிரி ஆளுங்க இருக்கற இந்தக் கதவுப் பிரிவுல ஒருத்தரைக்கூட வெளிய அனுப்ப விடமாட்டேன், இது என் பொறுப்பு" என்றார்.

இன்று ராத்திரி தூக்கம் வராது. சந்தோஷம்தான். இடது முழங்கையில் தோல் உரிந்திருக்கிறது. எங்கே இடித்துக்கொண்டேனோ.

மார்ச் 13, வெள்ளி

செய்தித்தாளில் போட்டோ! மூன்றாம் பக்கம். அதிகாரி வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் நிற்கிறார், ஒரு கை திறந்த கதவின் மேல். ஓரத்தில் கதவுக்கு அடியில் நீல ஸ்லீவில் ஒரு முழங்கை. கிரீஸ் கறை. என்னுடையது.

ஆறு பிரதி வாங்கினேன். சலூனில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்றை ஒட்டச் சொன்னேன்.

சலூன்காரர் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். "அண்ணே, முழங்கைதான் தெரியுது. ஆளைக் காணோமே?"

"ஆள் பேசிட்டிருந்தேன். பேசறவன் போட்டோவுக்கு நிப்பானா?"

"அது கிடக்கட்டும். என் கடை ரெண்டு தடவை விழுந்துச்சு. எவனாவது ஒரு கயிறு போட்டானா? கார் கம்பெனி விழுந்தா மட்டும் கோட்டுப் போட்டுக்கிட்டு ஓடி வர்றாங்க."

"உன் கடை விழுந்தா தெருவுல நாலு பேருக்கு முடி வளரும். எங்க கம்பெனி விழுந்தா நாலாயிரம் வீட்டுல அடுப்பு அணையும். கணக்கு புரியுதா?"

"புரியுது. அந்தக் கயிறை என் வரியிலயும்தானே திரிக்கிறாங்க? அப்போ இந்த முழங்கையில எனக்கும் பங்கு இருக்கு" என்று கத்தரியால் போட்டோவைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நல்ல பதில்கள் தோன்றின.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா மகள் வீட்டில் சாப்பாடு. எல்லோர் முன்னாலும் அதிகாரி கதையைச் சொன்னேன். நன்றாக வந்தது, முன்பு சொன்னதைவிட நன்றாக. முடித்ததும் அவள் கேட்டாள், "பெயின்ட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா மாமா?"

சொல்லியிருந்தார். வியாழக்கிழமை எழுத மறந்துவிட்டேன். "கதவும் பெயின்ட்டும் காருக்கு ரெண்டு கண்ணு, ரெண்டுலயும் கை வைக்க மாட்டோம்" என்றார்.

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்து நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள் போலிருந்தது. மாப்பிள்ளை என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தை மடித்து டிவிக்கு அடியில் வைத்தார்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரி கேட்டாள். "நிஜமாவே அப்படிச் சொன்னாரா?"

"நான் பொய் சொல்வேனா?"

பஸ் நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

மார்ச் 20, வெள்ளி

கடைசி நாள். மாப்பிள்ளை கையெழுத்துப் போடவில்லை.

நல்லதுதான்.

நல்லதுதானே?

மார்ச் 22, ஞாயிறு

வேலை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்துவிட்டது. வீட்டில் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அலமாரிக் கதவைத் திறந்து சாத்தினேன். கீழ்க் கீலில் சின்னத் தளர்ச்சி. இறுக்கினேன். மறுபடி சாத்தினேன்.

"அந்தக் கதவை விடுங்களேன். அது உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் வீட்டுக்காரி.

வெளியே போய்த் தெருவில் நடந்தேன். திரும்பி வந்து குளியலறைக் கதவைப் பார்த்தேன்.

மார்ச் 27, வெள்ளி

கயிறு போட்டுவிட்டார்கள்! அரசாங்கம் கம்பெனியைத் தூக்கிவிடுகிறது. கேன்டீனில் தட்டு தட்டிக் கொண்டாட்டம். முழு சோப்பு வைக்கப் போகிறார்கள் என்றுகூட ஒருவன் கத்தினான். என்னைத் தோளில் தூக்கினார்கள். சரி, இரண்டு பேர் தோளைத் தட்டினார்கள்.

சலூன்காரர் எனக்கு இலவசமாக முகம் மழித்துவிட்டார். "உங்க முழங்கை பெரிய முழங்கைதான்ணே" என்றார்.

நான் சொன்னேன் அல்லவா? முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

மார்ச் 30, திங்கள்

நிபந்தனை இருக்கிறதாம். அதை வெள்ளிக்கிழமை யாரும் சொல்லவில்லை. கயிறு போடுகிறவன் பாரத்தைக் குறைக்கச் சொல்வான் என்று எனக்கும் தோன்றவில்லை, இது ஒன்றுதான் தோன்றவில்லை. இரண்டாவது லைனை மூட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் மூன்றில் ஒருவர் வெளியே. கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில்.

பெயின்ட்டில் ஏழு வருடம் என்பது கடைசி. அங்கே பாதிப் பேர் பதினைந்து வருடம் தாண்டியவர்கள்.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. அக்கா மகள்.

"மாமா, ஏதோ தப்பா போட்டிருக்காங்க போல. நீங்க அந்த அதிகாரிக்கு ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்துங்களேன். உங்க கையைப் பிடிச்சுச் சொன்னாரே. உங்களை மறந்திருக்க மாட்டார்."

அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். நம்பிக்கையாகக் கேட்கிறாள், என்ன செய்வது? "சரிம்மா, போடறேன்" என்றேன்.

போடறேனா! யாருக்கு? என்ன நம்பர்? என்னடா பண்ணி வெச்சிருக்க நீ?

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா மகள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். போனை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனேன். காதில் வைத்துக்கொண்டு நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தால் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று வாயை அசைத்தேன். "வணக்கம் சார்" என்றேன். "ஆமா சார், அந்தக் கதவுதான் சார்" என்றேன். எதிரில் ஒரு நாய் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குத் தெரிந்துவிட்டது.

வந்து, "மீட்டிங்ல இருக்காராம்" என்றேன்.

"பரவால்ல மாமா, நாளைக்குப் போடுங்க."

வீட்டுக்காரி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஏப்ரல் 4, சனி

பஸ் கூடு கம்பெனிக்கு நானே பேசினேன். இது நிஜமான போன். அந்த ஆள் மரியாதையாகத்தான் சொன்னார். இருபத்தொன்றாம் தேதியே இடம் நிரம்பிவிட்டதாம்.

ஒரு நாள்.

ஏப்ரல் 6, திங்கள்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். கூட்டம். மாப்பிள்ளையின் பெயர் பெயின்ட் பிரிவில் மூன்றாவது. அவர் பார்த்துவிட்டு, எனக்கு வழி விட்டு, தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். "யோவ், உன்னாலதான்யா" என்று சட்டையைப் பிடித்திருக்கலாம்.

எல்லோரும் போன பிறகும் நான் நின்றேன். பெயர்களுக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை. நான் விரல் வைத்துப் படித்தேன். ஏழாம் வகுப்பை இரண்டு தடவை படித்தது வீண்போகவில்லை. சங்கம் சண்டை போட்டுச் சேர்த்த வரியாம்: இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் தாமாக விலகினால், எந்தப் பிரிவானாலும் பட்டியலில் ஒரு பெயரை அவர் எடுக்கச் சொல்லலாம்.

மூன்று தடவை படித்தேன். பிறகு லைனுக்குப் போய் ஒரு கதவைச் சாத்தினேன். சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 8, புதன்

விலகுவதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

விசில் படிவத்தை என் பக்கம் தள்ளாமல் பிடித்துக்கொண்டேயிருந்தார். "யோசிச்சுக்குங்கண்ணே. உங்க காது இல்லாம நான் எப்படிக் கதவை வெளிய விடறது?"

"உங்க பல்லாலயே ஒரு விசில் அடிச்சுப் பாருங்க, மூடிக்கும்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு மரை கழண்டு இருபது வருஷம் ஆச்சு" என்றாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

அது தயாராக இருந்தது. அமைச்சகத்தில் என்னை ஆலோசகராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதிகாரியே போன் போட்டார். இங்கே நான் இருக்கிற இடத்தை விட்டுக்கொடுத்தால் மாப்பிள்ளை பெயரை எடுத்துவிடுகிறோம் என்றார். சலூனில் சொன்னேன், தெருவில் சொன்னேன், அக்கா மகளுக்குப் போனில் சொன்னேன். அவள், "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, அவர் உங்களை மறக்க மாட்டார்னு" என்றாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

கடைசி நாள். நூறு பேர் வரிசையாக நின்று கை தட்டினார்கள்.

பதினொரு பேர். ஆனால் நன்றாகத் தட்டினார்கள்.

மே 19, செவ்வாய்

ஆலோசகர் வேலை சுறுசுறுப்பாகப் போகிறது. இன்று இரண்டு வீட்டுக் கதவு, ஒரு பீரோ, சலூனில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கதவு. சலூன்காரர் கேட்டார், "அமைச்சகத்துல இருந்து உத்தரவாண்ணே?" மேலிடம்தான் என்றேன்.

ஜூலை 5, ஞாயிறு

மாப்பிள்ளை தனியாக வந்தார். முதல் லைனில் மறுபடி ஆர்டர் வர ஆரம்பித்திருக்கிறதாம். நிஜமான கார்கள், ஒரு தடவைதான் சுற்றுகின்றனவாம். அந்தச் செய்தித்தாள் துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. "மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும். அந்த ஆள் என்கிட்ட..."

"தெரியும் மாமா. பெயின்ட் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்தானே நின்னேன். அவர் உங்க கையைத் தொடவே இல்லையே."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போடல?"

"எனக்கும் போக மனசில்ல. அவகிட்ட அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. உங்களுக்கு வந்துச்சு." காகிதத்தை நீவினார். "நீங்க சொன்ன மாதிரியே அவர் சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு தோணுச்சு மாமா. அதுலயே உக்காந்துட்டேன். அதுக்கு நீங்க உங்க வேலையைக் கொடுப்பீங்கன்னு நான் நினைக்கல."

இரண்டு பேரும் டீ குடித்தோம். ஆறிவிட்டிருந்தது.

"ஆனா ஒரு தடவை அவர் வாயைத் திறந்தாரு. கண்ணாடி வழியா கேக்கல. என்னதான் சொன்னாரு?"

அவரிடம் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அதிகாரி அந்த வெள்ளைக் காரின் கதவைத் திறந்தார். மேல் கீல் விட்டுவிட்டது. கதவு முழுப் பாரத்தோடு இறங்கியது. நான் குனிந்து முழங்கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். அவருக்குத் தெரியவில்லை, கையைக் கதவின் மேல் வைத்துப் போட்டோக்காரரைப் பார்த்து நின்றார். அந்தக் கையின் பாரமும் சேர்ந்துகொண்டது. அப்போதுதான் என்னைக் கவனித்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போட்டோல விழுறீங்க."

அவ்வளவுதான் சொன்னார். தலையைத் தள்ளினேன், தோளைத் தள்ளினேன், காலைத் தள்ளினேன். முழங்கையை மட்டும் எடுக்கவில்லை.

சங்கீதம், கையைப் பிடித்தது, இரண்டு கண்கள் எல்லாம் என் கைச்சரக்கு.